பைசனைத் துடைத்த நாள்

அந்த வீட்டில் ஷெட் ஒன்று, கார் இரண்டு. பெர்னடெட்டின் பழுப்பு நிறக் கார் வெளியே நிற்கும். அவள் கணவர் ரோமனின் பைசன் உள்ளே தூங்கும்.

பழுப்புக் கார் கடைக்குப் போகும், மாதா கோயிலுக்குப் போகும், முதுகுவலி வந்தால் ரோமனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டும் போகும். பைசன் எங்கேயும் போகாது. ஆனால் ஷெட்டில் ஹீட்டர் அதற்குத்தான். காற்றில் ஈரம் எவ்வளவு என்று காட்டும் கருவி அதற்குத்தான். உள்பக்கம் பூப்போல மெத்தென்று துணி வைத்துத் தைத்த போர்வையும் அதற்குத்தான். மிச்சிகன் குளிரில் பெர்னடெட் விடிவதற்கு முன்னால் எழுந்து, நைட்டிக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, கார்க் கண்ணாடியில் கல்லாய் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருப்பாள். அப்போது ஷெட்டுக்குள் ஹீட்டர் சுகமாக உறுமுகிற சத்தம் கேட்கும்.

"ஒரு நாளைக்கு நானும் போயி அந்தப் போர்வைக்குள்ள படுத்துக்கப் போறேன் பாரு" என்பாள்.

"ஜிப் வெச்ச கோட்டோட படுக்காத பெர்னி, பெயின்ட்ல கீறல் விழும்" என்பார் ரோமன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டுத்தான் சொல்வார்.

பைசன் என்றால் கார்வர் கம்பெனிக்காரர்கள் 1970-இல் விட்ட வண்டி. பூசணிப்பழ நிறம், முதுகில் இரண்டு கறுப்புப் பட்டை, முன்பக்கம் காட்டெருமைத் தலை பொறித்த வட்டம். கதவு இரண்டுதான், ஆனால் எஞ்சினை முடுக்கினால் எதிர்வீட்டு அலமாரியில் பீங்கான் தட்டுகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கும். ரோமன் அதை ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தபோது பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை இறக்கிவிட்டு, துருவைச் சுரண்டி, ஒவ்வொரு திருகாணியையும் கழற்றி, கழுவி, தேடி, வாங்கி, மாட்டி, பதினெட்டு வருஷம் அதோடு குடித்தனம் நடத்தினார். தொழிற்சாலை வாசலைத் தாண்டி வெளியே வந்த முதல் நாள் அது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். அதுதான் அவர் விரதம்.

ராத்திரிச் சாப்பாட்டில் ரோமன் அந்தக் காரைப் பற்றிப் பேசுவார், பெர்னடெட் உருளைக்கிழங்கைப் பிசைவாள். முதல் இரண்டு வருஷம் காது கொடுத்துக் கேட்டாள். அப்புறம் காது தானாக மூடிக்கொள்ளப் பழகிவிட்டது. "அப்படியா", "அட", "பாவம்" என்ற மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு மிச்ச வருஷத்தை ஓட்டினாள்.

போன பிப்ரவரியில் பனி சுரண்டும்போது சறுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. ரோமன் ஓடி வந்து பார்க்கும்போது அவள் மல்லாந்து கிடந்தாள், கையில் சுரண்டுகிற கரண்டியை இன்னும் விடவில்லை. ஷெட்டுக்குள் ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த அன்று, தங்கை ஐரீனைச் சாட்சிக்கு உட்கார வைத்துக்கொண்டு பெர்னடெட் சொன்னாள்: "அடுத்த பனி விழறப்போ அந்த ஷெட்டுக்குள்ள ஒரே ஒரு கார்தான் நிக்கும். அது என் கார். பைசன வித்துரு ரோமன்."

ரோமன் மாவுக்கட்டைப் பார்த்தார். "சரி" என்றார்.

அவர் வாக்கு மாறுகிற ஆள் இல்லை. பனி உருகியதும் பைசனைப் புல்வெளியில் நிறுத்தி, கண்ணாடிக்குள் 'விற்பனைக்கு' என்று அட்டை வைத்தார். ஆனால் விற்கிறேன் என்றுதான் சொன்னாரே தவிர, யாருக்கு வேண்டுமானாலும் விற்கிறேன் என்று சொல்லவில்லை.

பெண் கேட்டு வந்தவர்களை அப்பன்காரன் விசாரிப்பதுபோல விசாரிப்பார். ஒருத்தர் பேச்சோடு பேச்சாகக் காப்பிக் கோப்பையைக் காரின் கூரைமேல் வைத்தார். "வீட்டுக்குப் போங்க" என்றார் ரோமன். ஓர் இளம் ஜோடி வந்து, கறுப்புப் பெயின்ட் அடித்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். ரோமன் போர்வையை எடுத்துவந்து காரை மூடிவிட்டார், குழந்தையின் காதைப் பொத்துவதுபோல. இன்னொருத்தர் நல்ல மனிதர், விவரம் தெரிந்தவர், சொன்ன விலைக்கும் தயார்.

"அவருக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டாள் பெர்னடெட்.

"கதவ எப்படிச் சாத்துனான் பாத்தியா?"

"எப்படி?"

"சாத்துனான்."

இப்படியே கோடைகாலம் போயிற்று. மேப்பிள் இலையெல்லாம் சிவந்து கொட்டி முடிந்தது. ஹாலோவீன் பண்டிகைக்கு வாசல்படிகளில் பூசணிக்காய்கள் உட்கார்ந்துவிட்டன. வானொலிக்காரன் வடக்கே பனி ஆரம்பித்துவிட்டது என்றான். பெர்னடெட் மணிக்கட்டை உருட்டிப் பார்த்துக்கொண்டாள். குளிர் வந்தால் அதில் ஒரு குடைச்சல், கொஞ்சம் நடுக்கம்.

அப்போதுதான் பென்ஃபீல்ட் டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற பல் டாக்டர். சனிக்கிழமை மத்தியானம் வருவதாகவும், பழைய கார்களைப் பரிசோதிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் மெர்ல் என்பவரைக் கூட்டி வருவதாகவும், மெர்ல் சரி என்றால் அன்றைக்கே ஏற்றிக்கொண்டு போக வண்டியும் கொண்டுவருவதாகவும் சொன்னார்.

"கதவ எப்படிச் சாத்துவாருன்னு கேட்டியா?" என்றாள் பெர்னடெட்.

"பல் டாக்டர். மெதுவாத்தான் சாத்துவாரு" என்றார் ரோமன். குரலில் சுரத்தே இல்லை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை அவருக்கு.

சனிக்கிழமை காலை ரோமன் முடிவெட்டிக்கொள்ளக் கிளம்பினார். வருகிறவர்களுக்கு டோனட்டும் ஆப்பிள் சாறும் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் பெர்னடெட் தங்கைக்குப் போன் போட்டாள்.

"ஐரீன், இன்னிக்கு ஒருத்தர் வர்றாருடி. இதுவும் போச்சுன்னா எனக்கு மறுபடியும் கரண்டிதான்."

"அக்கா, வீட்ட விக்கறப்போ நான் என்ன பண்ணேன்? ரொட்டி சுட்டு வெச்சேன். வாசனைக்கே பாதி மயங்கிட்டாங்க. மீதிக்கு ஜன்னலெல்லாம் துடைச்சேன்."

"காருக்கு ரொட்டி சுடறதா?"

"ரொட்டி வேணாம். துடைக்கலாம்ல? உன் புருஷன் வெளியதான் பளபளன்னு வெச்சிருப்பாரு. ஆம்பளைங்க சுத்தம் பண்ணா அப்படித்தான், கண்ணுல படற இடம் மட்டும். பானெட்டத் தூக்கிப் பாரு, லட்சணம் தெரியும்."

பெர்னடெட் ஷெட்டுக்குப் போய் பானெட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஐரீன் சொன்னது சரியாகப் போயிற்று. எஞ்சினுக்குப் பின்னாலிருந்த கறுப்புத் தகட்டில் யாரோ கிரேயான் மாதிரி மஞ்சள் மெழுகுக்குச்சியால் கிறுக்கியிருந்தார்கள். ஒரு வட்டம், அதற்குள் இரண்டு கோடு. பக்கத்தில் ஓர் ஏழு. முன்பக்கச் சட்டத்தில் நீளமாக ஒரு கோடு. ரேடியேட்டருக்கு மேலே நீல மையில் ஒரு கறை. போதாததற்கு, ஓரத்தில் பெயின்ட் வழிந்து ஒரு சொட்டு காய்ந்து போய்த் தொங்கியது.

"கடவுளே" என்றாள் பெர்னடெட். "இதையா ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டிட்டிருந்தான் இந்த மனுஷன்?"

வினிகர், வெந்நீர், பாத்திரம் தேய்க்கிற சோப்பு, பழைய பனியன் துணி. மஞ்சள் குறி கொஞ்சம் அடம்பிடித்தது. பெர்னடெட் அதைவிட அடம் பிடிக்கிறவள். ஒரு மணி நேரம் குனிந்து நின்று தேய்த்தாள். இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. சொட்டு மட்டும் வரவில்லை. நகத்தால் சுரண்டினாள், வெண்ணெய்க் கத்தியால் நெம்பினாள், அசையவில்லை. சரி, ஒரு சொட்டுதானே என்று விட்டுவிட்டாள். அந்தப் பதினெட்டு வருஷத்தில் அவள் முதல்முறையாக அந்தக் காருக்குச் செய்த சேவை அது. துணியைப் பிழிந்து போட்டபோது அவளுக்கே மனதுக்குள் ஒரு குளிர்ச்சி.

ரோமன் கழுத்தில் பவுடரோடும் கையில் டோனட் பெட்டியோடும் வந்தார்.

"கண்ண மூடு" என்றாள் பெர்னடெட். கையைப் பிடித்து ஷெட்டுக்குள் கூட்டிப் போனாள். "இப்பத் திற."

ரோமன் கண்ணைத் திறந்தார். திறந்த கண் திறந்தபடி நின்றது. டோனட் பெட்டி சாய்ந்தது. நல்லவேளை, பெர்னடெட் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஒரு சொட்டு மட்டும் போகல ரோமன். கத்தி வெச்சுக்கூடப் பாத்தேன்."

ரோமன் சட்டென்று குனிந்து சொட்டைத் தேடினார். அது இருந்தது. விரல் நுனியால் தொட்டார். கோயிலில் சிலுவையைத் தொடுகிற மாதிரி தொட்டார்.

"பெர்னி" என்றார், காற்றுப்போன குரலில். "அது அழுக்கு இல்ல. குறி."

"என்ன குறி?"

"அந்தக் காலத்துல தொழிற்சாலையில வண்டி நகர்ந்து வந்துட்டே இருக்கும். ஒருத்தன் திருகு முடுக்கினா, அடுத்தவன் சரி பார்த்துட்டு மெழுகுக்குச்சியால குறி போடுவான். பைசன்னா அந்தக் குறி இருக்கணும். இருந்தாத்தான் அது ஆலையில இருந்து வந்தபடி இருக்குன்னு அர்த்தம்."

"நீ கொண்டு வந்தப்ப கோழிதானே இருந்துச்சு. குறி எங்க இருந்துச்சு?"

"இல்ல. அது நான் போட்டது."

"நீ போட்டதா?"

"அவன் போட்ட மாதிரி."

பெர்னடெட் டோனட் பெட்டியை வேலை மேசைமேல் வைத்தாள். "சுத்தமா இருந்த தகட்டுல, நீயே உக்காந்து, கிறுக்கி வெச்ச."

"ஃபோட்டோ பாத்து. ஸ்கேல் வெச்சு. நாலு மாசம் பழகினேன் பெர்னி, அந்த வட்டத்துக்கு மட்டும். உன்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! நீகூட 'அட'ன்னு சொன்னியே!"

பெர்னடெட்டுக்கு முகம் சூடாயிற்று. அந்த 'அட' எந்த ராத்திரியில் சொன்னது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"அந்தச் சொட்டு?" என்று பேச்சை மாற்றினாள்.

"அதுவும் நான் வெச்சதுதான். பெயின்ட் அடிக்கிறவங்க அவசரத்துல அடிச்சதால எல்லா பைசன்லயும் அந்த இடத்துல ஒரு சொட்டு வழிஞ்சிருக்கும். மருந்து ஊத்துற குழாயால விட்டேன். மூணு தடவை சரியா வழியல. நாலாவது தடவை வழிஞ்சுது."

"சமையல்கட்டுக் குழாய் ரெண்டு வருஷமா அதே மாதிரி சொட்டுது. அதையும் நீதான் வெச்சியா?"

ரோமன் மறுபடியும் குனிந்தார். துடைத்த தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அந்த முகத்தில் இழவு விழுந்ததுபோல இருந்தது. அப்புறம் மெதுவாக, ஓரத்திலிருந்து, வேறென்னவோ ஏறியது. நாற்பது வருஷமாகப் பார்க்கிற முகம், பெர்னடெட்டுக்குப் புரியாமல் போகுமா? பனி கொட்டியதால் இன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது என்று காலையில் கேட்கிற பையனின் முகம் அது.

"அப்ப இன்னிக்கு விக்க முடியாது" என்றார்.

"என்னது?"

"குறி இல்லாம எப்படிக் காட்டுறது? மறுபடியும் போடணும்னா கை பழகணும். ஒரு பனிக்காலம் முழுக்க வேணும். நான் வாக்குத் தவறல பெர்னி, வசந்தம் வந்ததும் கண்டிப்பா..."

"ரோமன்."

"உன் மேல எனக்குக் கோபமே இல்ல. தெரியாமத்தானே பண்ண!"

இவ்வளவு அன்பாக அவர் பேசி வெகுநாள் ஆயிற்று. அதுதான் பெர்னடெட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜனவரியின் இருட்டு, கரண்டி, உறுமுகிற ஹீட்டர், எல்லாம் கண்முன்னால் வரிசையாக நின்றன. துடைத்தது அவள் கை. இன்னொரு குளிர்காலத்தைத் தன் தலையில் தானே வாரிப் போட்டுக்கொண்டதும் அதே கை.

"அந்தக் குச்சி எங்க?"

"எந்தக் குச்சி?"

"மஞ்சக் குச்சி. கிறுக்கினியே, அது."

ரோமன் அனிச்சையாக மேல் அலமாரியைப் பார்த்தார். பெர்னடெட் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். அங்கே ஒரு பிஸ்கட் டப்பா, டப்பாவுக்குள் ஒரு காலுறை, காலுறைக்குள் மெழுகுக்குச்சி. அவளுடைய கம்மலைக்கூட அவள் அப்படிப் பத்திரப்படுத்தியதில்லை.

"பெர்னி, தொடாத! அது அந்தக் காலத்துக் குச்சி! மூணுதான் இருக்கு!"

"ஒண்ணு போதும். ஃபோட்டோவப் பிடி."

"இது விளையாட்டு இல்ல. முதல்ல பென்சில்ல லேசா..."

"ஃபோட்டோவப் பிடி மனுஷா!"

பிடித்தார். பெர்னடெட் குனிந்தாள். ஏற்கெனவே தெறித்துக்கொண்டிருந்த இடுப்பு இப்போது கத்தியது. குச்சியைத் தகட்டில் வைத்து ஒரு வட்டம் இழுத்தாள். வட்டம் சேரவில்லை, வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"ஐயையோ" என்றார் ரோமன்.

உள்ளே இரண்டு கோடு. முறிந்து கூடிய மணிக்கட்டு பாதியில் நடுங்கியதால் இரண்டாவது கோடு முதுகு வளைந்து போயிற்று.

"கடவுளே, கடவுளே."

"ஏழு. அப்புறம்?"

"முன்பக்கம் நீளக்கோடு. நேரா பெர்னி, தயவுசெஞ்சு நேரா..."

அவள் நீளக்கோட்டின் நடுவில் இருக்கும்போது வாசலில் லாரி ஹாரன் அடித்தது. கை துள்ளியது. கோடு எகிறி, வால் முறுக்கிக்கொண்டு எங்கேயோ போய் முடிந்தது. ரோமன் சுவரில் சாய்ந்துகொண்டார். நீலக் கறையை வரைய நேரமில்லை. பெர்னடெட் வீட்டுக்குள் ஓடி, எழுதுமேசையில் கோயில் ரசீதுக்கு முத்திரை குத்த வைத்திருந்த நீல மை அட்டையில் கட்டைவிரலை ஒற்றி, திரும்பி வந்து ரேடியேட்டர் மேல் ஓர் அழுத்து அழுத்திவிட்டு, விரலைக் கவுன் பைக்குள் ஒளித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

பென்ஃபீல்ட் டாக்டர் உருண்டையான மனிதர், உருண்டையான சிரிப்பு. மெர்ல் நேர் எதிர். கொக்குக் கழுத்து, முழங்காலில் மெத்தைப் பட்டை, ஒரு கையில் டார்ச் விளக்கு, மறு கையில் பல் டாக்டர் கொடுத்த சின்னக் கண்ணாடி. வணக்கம்கூட முழுதாகச் சொல்லவில்லை, நேராகக் காரின் அடியில் போய்ப் படுத்துவிட்டார். டாக்டர் டோனட் பக்கம் போனார்.

"சாப்பிடலாமா அம்மா?"

"எடுத்துக்குங்க டாக்டர். சர்க்கரை தூவினது."

"அதான் பாத்தேன்." பல் டாக்டர் ஒருத்தர் சர்க்கரையை இத்தனை நிம்மதியாகச் சாப்பிட்டு பெர்னடெட் பார்த்ததில்லை.

மெர்ல் அடியிலிருந்து வெளியே வந்தார். கதவுகளைத் திறந்தார், மூடினார். மெதுவாகத்தான் மூடினார். டிக்கிக்குள் தலையை விட்டார். சீட்டைத் தட்டினார். ரோமன் பின்னாலேயே நடந்தார். வழக்கமாக ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு கதை சொல்கிறவர் வாயையே திறக்கவில்லை. கடைசியில் மெர்ல் பானெட்டைத் தூக்கினார். டார்ச்சை அடித்தார். அப்படியே நின்றார்.

பெர்னடெட் மனதுக்குள் ஜெபம் ஒன்றை ஆரம்பித்தாள். பாதியில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"டாக்டர்" என்றார் மெர்ல். "இங்க வாங்க."

டாக்டர் விரலைத் துடைத்துக்கொண்டு போனார்.

"இத யார் போட்டது?" மெர்ல் திரும்பி ரோமனைக் கேட்டார்.

ரோமன் பெர்னடெட்டைப் பார்த்தார். அவள் கவுன் பைக்குள் இருந்த கையைப் பார்த்தார். "என் மனைவி" என்றார். "நான் ஒழுங்கா போட்டு வெச்சிருந்தேன். அழுக்குன்னு நினைச்சு காலையில துடைச்சிட்டா. அப்புறம் அவளே போட்டா. இப்பத்தான், நீங்க ஹாரன் அடிச்சப்போ. அந்த வால் உங்க ஹாரன்தான்."

அவர் உண்மையைச் சொல்ல வேண்டுமே என்று சொன்னாரா, இல்லை பைசனை மிச்சப்படுத்தக் கடைசியாக ஒரு கல் எறிந்து பார்த்தாரா? பெர்னடெட்டுக்கு இன்றுவரை தெரியாது. அவரைக் கேட்டால் அவருக்கும் தெரிந்திருக்காது.

மெர்ல் சிரிக்க ஆரம்பித்தார். அந்தக் கொக்குக் கழுத்துக்குள் அவ்வளவு சிரிப்பு இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"துடைச்சது நல்லதாப் போச்சு சார். நான் எத்தனை வண்டி பாத்திருப்பேன்! எல்லாத்துலயும் குறி கல்யாணப் பத்திரிகை எழுத்து மாதிரி இருக்கும். ஏன்னா காரைக் கொஞ்சுறவங்க உக்காந்து போட்டது. அன்னிக்கு ஆலையில நின்னவன் காரைக் கொஞ்சலியே! அவனுக்குக் கால் வலி, பசி, அடுத்த வண்டி வந்து இடிக்குது. இந்த வட்டத்தப் பாருங்க, மூடக்கூடப் பொறுமை இல்ல. இந்தக் கோடு பாருங்க. இதப் போட்ட கைக்கு இந்தக் காரைக் கண்டாலே ஆகாது."

"அது நிஜம்" என்றாள் பெர்னடெட்.

"இவ்வளவு அசலா நான் பாத்ததே இல்ல டாக்டர். வாங்கிப் போடுங்க."

பென்ஃபீல்ட் டாக்டருக்கு வாயெல்லாம் சர்க்கரை, முகமெல்லாம் பூரிப்பு. "அம்மா, என்கிட்ட இன்னும் ரெண்டு கார் இருக்கு. வந்து குறி போட்டுத் தருவீங்களா?"

"அதுங்க மேல எனக்குக் கோபம் இல்லையே டாக்டர்" என்றாள் பெர்னடெட்.

சமையல் மேசையில் காகிதத்தில் கையெழுத்தாயிற்று. பைசனை லாரியில் ஏற்றினார்கள். ரோமன் கூடவே நடந்து, கயிறு பெயின்ட்டில் படுகிறதா என்று பார்த்தார், டயரைத் தட்டினார், டாக்டரிடம், "ஜிப் வெச்ச கோட்டோட மட்டும் உக்காராதீங்க" என்றார். லாரி தெருமுனை திரும்பும்போது ஏதோ ஞாபகம் வந்து ஷெட்டுக்குள் ஓடி, போர்வையை வாரிக்கொண்டு, அது காலில் தடுக்கத் தடுக்கத் தெருவில் துரத்தினார். லாரி நின்றது. டாக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்கிட்ட மூணு இருக்கு சார், நீங்களே வெச்சுக்குங்க!" என்றார்.

ரோமன் நடுத்தெருவில் போர்வையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து, "என்ன ரோமன், இனிமே என் தட்டெல்லாம் நிம்மதியாத் தூங்குமா?" என்று கேட்டாள். அவருக்குக் காதில் விழவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டில் பேச்சே இல்லை. பெர்னடெட் உருளைக்கிழங்கைப் பிசைந்தாள். அந்த அமைதி அவளுக்கு ஆகவில்லை. பதினெட்டு வருஷம் கேட்காத பேச்சு இல்லாமல் கிழங்கில் உப்பே சேராதது மாதிரி இருந்தது.

"அந்தச் சொட்டு" என்றாள். "நாலாவது தடவைதான் வழிஞ்சுதுன்னியே. முதல் மூணு தடவை ஏன் வழியல?"

ரோமன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "பெயின்ட் கெட்டியா இருந்துச்சு பெர்னி." கொஞ்சம் யோசித்தார். "மொதல் தடவை என்ன ஆச்சுன்னா..."

அவள் கடைசி வரை கேட்டாள்.

அடுத்த வாரம் முழுக்க ரோமன் ஷெட்டுக்குள் என்னவோ தட்டிக்கொண்டிருந்தார். சமையல்கட்டுக் குழாயும் ஒருநாள் சொட்டுவதை நிறுத்திவிட்டது. முதல் பனி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் விழுந்தது. பெர்னடெட் கோயில் மண்டபத்தில் வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டு வந்தபோது தெருவே வெளுத்திருந்தது. ஷெட் கதவு திறந்திருந்தது. உள்ளே வெளிச்சம். கூரையிலிருந்து நூலில் ஒரு டென்னிஸ் பந்து தொங்கியது, பக்கத்தில் ரோமன் நின்றார்.

"பந்து கண்ணாடியத் தொடற வரைக்கும் வா! மெதுவா! வா, வா, வா... நிறுத்து!"

"பெரிய கப்பல நிறுத்துறான்" என்றாள் பெர்னடெட். ஆனால் பந்து கண்ணாடியைத் தொட்டதும் நிறுத்தினாள்.

மறுநாள் காலை அவளுக்குப் பழக்கத்தில் விடியுமுன்னே விழிப்பு வந்துவிட்டது. கோட்டுப் போடாமல் செருப்போடு ஷெட்டுக்குப் போனாள். ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அவளுடைய பழுப்புக் கார் பைசனின் போர்வையைப் போர்த்திக்கொண்டு, அளவு பெரிதாகப்போன சட்டை போட்ட பிள்ளைமாதிரி நின்றது. போர்வையை விலக்கினாள். கண்ணாடி துடைக்கிற தண்ணீர் ஊற்றலாம் என்று பானெட்டைத் தூக்கினாள்.

எஞ்சினுக்குப் பின்னால், தகட்டில், மஞ்சள் மெழுகில் ஒரு குறி இருந்தது. வட்டம், அதற்குள் இரண்டு கோடு, பக்கத்தில் ஓர் ஏழு. மூன்று குச்சியில் ஒன்று இதற்குப் போயிருக்கிறது.

பைசனில் அவள் போட்டதை மனதில் வைத்துத்தான் ரோமன் போட்டிருந்தார். வட்டத்தின் வாய் பிளந்திருந்தது, ஆனால் அளந்து பிளந்திருந்தது. இரண்டாவது கோட்டின் வளைவுகூட ஸ்கேல் வைத்து வளைத்ததுபோல இருந்தது. எத்தனை ராத்திரி பழகினாரோ.

பெர்னடெட் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். அப்புறம் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, வட்டத்தின் ஓரத்தில் லேசாக ஓர் இழுப்பு இழுத்துக் கலைத்துவிட்டாள்.

"இப்பச் சரி" என்று சொல்லி, பானெட்டைச் சத்தமில்லாமல் மூடினாள்.